கோபாலபுரத்தைச் சுற்றியுள்ள நாடக மேடைகளும் ஓவியக்கூடங்களும்

சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும், கோபாலபுரத்தை மையமாக வைத்து நான்கைந்து கிலோமீட்டர் சுற்றளவில், தமிழகத்தின் முக்கியமான நாடக அரங்குகளும் ஓவியக்கூடங்களும் அமைந்துள்ளன. மியூசிக் அகாடமி, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், ரசிக ரஞ்சனி சபா, தியாகராய நகரின் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும், கிரீம்ஸ் சாலையின் லலித் கலா அகாதெமி, நுங்கம்பாக்கத்தின் தனியார் ஓவியக்கூடங்கள், எழும்பூர் மியூசியம் தியேட்டர் ஆகியவை இந்த வட்டத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ வருகின்றன. நாடகமும் ஓவியமும் ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நவீன வடிவம் பெற்றவை. ஆனால் இரண்டும் வளர்ந்த விதம் வேறு. நாடகத்துக்கு ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டுக் காத்திருந்த பார்வையாளர்கள் இருந்தார்கள். ஓவியத்துக்கு அப்படி யாரும் இல்லை. சென்னையில் இன்று மேடையேறும் நாடகங்களும் நடைபெறும் கண்காட்சிகளும் இப்போதைய நிலையில் இருப்பதற்கு இந்த வேறுபாடு பெரிய காரணம்.

சாலைப் பெயரில் ஒரு நடிகர்

கோபாலபுரத்தை ஒட்டிச் செல்லும் பழைய லாயிட்ஸ் சாலைக்கு இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான தி.க. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழே அவருடைய பெயருக்கு முன்னால் 'அவ்வை' என்று ஒட்டிக்கொண்டது. ஆண் நடிகர் ஒருவர் மூதாட்டி வேடத்தில் அடைந்த பெயர் ஒரு சாலைக்கு நிலைத்திருப்பது அபூர்வம். சிறுவனாக அவருடைய நாடகக் குழுவில் பயிற்சி பெற்ற கமல்ஹாசன், 1996இல் தான் பெண் வேடமிட்ட படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்ததற்கு இந்தப் பின்னணி உண்டு.

தமிழ் நாடகத்தில் பாத்திரத்தின் பெயர் நடிகரையோ எழுத்தாளரையோ பற்றிக்கொள்வது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது. அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்த கணேசன் சிவாஜி கணேசன் ஆனார். பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' சுந்தரராஜனை மேஜர் ஆக்கியது. ராமசாமிக்கு 'சோ' என்ற பெயரும், மோகனுக்கு 'கிரேஸி' என்ற அடைமொழியும் மேடை வழியாகவே வந்தவை. கோபாலபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மு. கருணாநிதியை அரசியல்வாதியாகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். அவருக்குக் 'கலைஞர்' என்ற பட்டம் அவர் எழுதிய 'தூக்கு மேடை' நாடகத்தை ஒட்டி எம்.ஆர். ராதா அளித்தது.

சண்முகம் வளர்ந்த நாடக உலகம் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட தொழில்முறைக் குழுக்களுடையது. சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் கற்பித்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, வாரக்கணக்கில் தங்கி நடத்திய நாடகங்கள் அவை. வருமானம் அன்றன்றைய நுழைவுச்சீட்டை நம்பியிருந்தது. கூட்டம் வராத ஊரில் குழு பட்டினி கிடந்தது. அந்த வாழ்க்கையைச் சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பேசும்படம் வந்தபின் இக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சென்னையில் அந்த இடத்தை நிரப்பியது வேறொரு ஏற்பாடு.

சபா முறை

சபா என்பது உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் கலை மன்றம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை இவ்வகையில் முன்னோடி. வக்கீல்களும் அரசு அலுவலர்களும் பொழுதுபோக்காக நாடகம் நடிக்கலாம், அதில் இழிவு ஒன்றுமில்லை என்பதை நிறுவியது அந்தச் சபை. 1900இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா, 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமி போன்றவை இசைக்காக ஏற்பட்டவை. பின்னாளில் தோன்றிய பல சபாக்கள், தங்கள் உறுப்பினர்களுக்கு மாதந்தோறும் சில நிகழ்ச்சிகள் அளிக்கக் கடமைப்பட்டிருந்தன. எல்லா மாதமும் கச்சேரி மட்டும் வைத்தால் குடும்பத்தில் எல்லோரும் வரமாட்டார்கள். அங்கேதான் நாடகம் நுழைந்தது.

முறை எளிமையானது. உறுப்பினர் ஆண்டுச் சந்தா கட்டுவார். அந்தப் பணத்திலிருந்து சபா நாடகக் குழுவுக்குப் பேசிய தொகையைக் கொடுக்கும். குழு அதே நாடகத்தை இந்த வாரம் மயிலாப்பூரில், அடுத்த வாரம் தியாகராய நகரில், அதற்கடுத்து நங்கநல்லூரிலோ பெரம்பூரிலோ நடத்தும். சபாக்களின் எண்ணிக்கை கூடியபோது, ஒரு நாடகம் சென்னைக்குள்ளேயே பல பத்து முறை நடக்க முடிந்தது. நுழைவுச்சீட்டு விற்குமா என்ற கவலை குழுவுக்கு இல்லை. நாற்காலிகளுக்கு முன்பே பணம் வந்தாயிற்று.

நடித்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணிபுரிந்தபடியே 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மெழுகுவர்த்தி', 'எதிர்நீச்சல்' முதலிய நாடகங்களை எழுதி மேடையேற்றினார். சோ ராமசாமி வழக்கறிஞர், டி.டி.கே. நிறுவனத்தின் சட்ட ஆலோசகர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலிச் செய்தி வாசிப்பாளர். கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த பொறியாளர். அலுவலகம் முடிந்த பிறகு ஒத்திகை, வார இறுதியில் மாலை ஆறரைக்கு மேல் நாடகம் என்பது ஒழுங்கு. 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதி முன்னின்று தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவின் பெயரிலேயே 'அமெச்சூர்' என்ற சொல் இருக்கிறது. ஊதியத்துக்காக நடிப்பவர்கள் அல்லர் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. நடிகர் வீட்டுச் செலவை அலுவலகம் பார்த்துக்கொண்டது, நாடகச் செலவைச் சபா பார்த்துக்கொண்டது.

இந்த ஏற்பாடு நாடகத்தின் உருவத்தையும் தீர்மானித்தது. வாரம் ஒரு மேடைக்கு மாறும் குழுவால் பெரிய காட்சியமைப்பைத் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடம், ஒரு சோபா, ஒரு தொலைபேசி, இருபுறமும் இரண்டு கதவுகள் என்று காட்சி அமைந்தது. பெரிய அரங்கில் பின்வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக மேடையின் முன்னால் மைக்குகள் வைக்கப்பட்டன. நடிகர்கள் மைக்கை ஒட்டி வந்து நின்று பார்வையாளரை நோக்கிப் பேசினார்கள். உடலசைவு குறைந்து வசனம் ஓங்கியது. சிரிப்பு வசனத்துக்குப் பின் கைதட்டலுக்காக ஒரு நொடி நிற்பதும் ஒரு நுட்பமாக வளர்ந்தது. ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களில் காட்டிய பிரம்மாண்டமான காட்சியமைப்புகள் இந்தப் போக்குக்கு விதிவிலக்கு.

'சபா நாடகம்' என்ற சொல்லைப் பின்னாளில் விமரிசகர்கள் இகழ்ச்சியாகவே பயன்படுத்தினார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர் நடுத்தர வகுப்பினரின், பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களின், வீட்டுப் பேச்சும் வீட்டுக் கவலையும் தவிர வேறெதுவும் அதில் இல்லை என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. ஆனால் குற்றச்சாட்டு முழுமையானதன்று. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் மேடையேறியது. பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் இருபதாம் நூற்றாண்டில் எழுந்துவந்து தேர்தலில் நிற்பதாகக் கற்பனை செய்து, கட்சி அரசியலைக் கேலிசெய்த நாடகம் அது. இதே சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் 'துக்ளக்' எழுதியிருந்தார். ஒரே சுல்தான் ஒருவர் கையில் துன்பியலாகவும் மற்றவர் கையில் நையாண்டியாகவும் மாறியதை ஒப்பிட்டுப் பார்ப்பது நாடக மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. கர்னாட் அப்போது நடித்துவந்தது 1955இல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் என்ற ஆங்கில நாடகக் குழுவில். அந்தக் குழுவுக்கும் மயிலாப்பூர் சபாக்களுக்கும் இடையே பார்வையாளர்கள் அதிகம் நடமாடவில்லை.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் வந்தது. குடிநீருக்கு ஏங்கும் கரிசல் கிராமத்தின் கதையைச் சபா மேடையில், சபா உறுப்பினர்களின் முன்னிலையில் வைத்தது அது. மறுஆண்டே பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். சோபாவும் தொலைபேசியும் இல்லாத நாடகத்தைச் சபா பார்வையாளர் ஏற்கமாட்டார் என்ற எண்ணத்தை அந்த நாடகம் பொய்யாக்கியது. ஆனால் அதே வழியில் பலர் தொடரவில்லை.

காவல்துறைக்குச் சென்ற பிரதிகள்

சபாவின் விருப்பத்தைத் தவிர நாடகக்காரர்கள் கணக்கில் கொள்ளவேண்டிய இன்னொரு வாசகர் இருந்தார். 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி பெறவேண்டியிருந்தது. எம்.ஆர். ராதாவின் 'இராமாயணம்' நாடகத்தை அடக்குவதற்காகவே அந்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது என்பது நாடக வரலாற்றில் பரவலாகச் சொல்லப்படுவது. அதற்கு முன்பு ஆங்கிலேயர் 1876இல் வங்காள நாடகங்களுக்கு அஞ்சி இயற்றிய சட்டம் இருந்தது. விடுதலைக்குப் பின்னும் அரசுகள் மாறியும் இந்த நடைமுறை மாறவில்லை. மேடையிலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் ஆட்சி செய்த காலங்களிலும் பிரதி காவல் நிலையம் போய்த்தான் வந்தது.

இதை எதிர்த்துப் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடர்ந்தார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஓவியக் கண்காட்சிக்கு இத்தகைய முன்தணிக்கை எப்போதும் இருந்ததில்லை. ஓவியம் ஆபத்தற்றது என்று அரசு நினைத்ததா, அதைப் பார்க்கவருபவர்கள் குறைவு என்று நினைத்ததா என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

சுவர் தேடிய ஓவியர்கள்

சென்னையின் ஓவியக் கல்வி நாடகச் சபாக்களை விடப் பழையது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. எழும்பூருக்கு அருகே பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ளது. தொடக்கத்தில் கைவினைத் தொழில்களுக்கு ஆள் தயாரிப்பதே அதன் நோக்கம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்றபின் நுண்கலை முதன்மை பெற்றது. சென்னைவாசிகளில் ஓவியக்கூடத்துக்குள் ஒருபோதும் நுழையாதவர்களும் அவருடைய படைப்பைப் பார்த்திருக்கிறார்கள். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அங்கேயே உள்ள காந்தி சிலையும் அவருடையதே.

அவருக்குப் பின் 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் 'மெட்ராஸ் இயக்கம்' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட போக்கு உருவானது. எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் முதலியோர் அதன் வெவ்வேறு தலைமுறையினர். பாரிசையோ பம்பாயையோ நகலெடுக்காமல், கோயில் சிற்பத்தின் கோடு, கோலம், சோதிடக் கட்டம், ஏட்டுச்சுவடியின் எழுத்து ஆகியவற்றிலிருந்து நவீன ஓவியத்துக்கு ஒரு மொழி கண்டுபிடிக்க முடியுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பணிக்கர் அறுபதுகளில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் மலையாள எழுத்துகளும் கணிதக் குறிகளும் சாதக்கட்டங்களும் நிறைந்திருக்கும். அவற்றை வாசித்துப் பொருள்கொள்ள முடியாது. பார்க்க மட்டுமே முடியும்.

இவ்வளவு நடந்தும் ஓவியத்தை வாங்க ஆள் இல்லை. மாலை நாடகத்துக்கும் கச்சேரிக்கும் குடும்பத்தோடு சென்ற மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளின் சுவர்களில் நாட்காட்டியும் ரவிவர்மா பாணித் தெய்வப்படங்களும் தொங்கின. சபாவைப் போல ஆண்டுச் சந்தா கட்டி ஓவியம் பார்க்கும் மன்றம் எதுவும் பெரிய அளவில் உருவாகவில்லை. கல்லூரியில் பட்டயம் பெற்று வெளியேறும் மாணவர்கள் விளம்பரப் பலகை வரையப் போனார்கள், சினிமா செட்டுக்குப் போனார்கள், பள்ளி ஓவிய ஆசிரியர் ஆனார்கள். நாடக நடிகர் அலுவலகம் முடிந்து இரண்டு மணிநேரம் ஒத்திகை பார்த்து நடிகராக நீடிக்க முடிந்தது. ஓவியர் அப்படி நீடிப்பது கடினம்.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது, நடைமுறைக்கு உகந்ததும்கூட. ஓவியம் விற்காது என்றால், விற்கக்கூடியதைச் செய்து அந்தப் பணத்தில் ஓவியம் வரைவது என்று முடிவுசெய்தார்கள். பாத்திக் துணிகள், தோல் பொருள்கள், உலோக வேலைகள் முதலிய கைவினைப் பொருள்களைக் கூட்டாகச் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் நகரத்துக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இப்படித்தான் பிறந்தது. அன்று சவுக்குத் தோப்பாக இருந்த பகுதி அது. அரசு மானியத்தில் எழுந்த குடியிருப்பு அன்று, பணக்காரப் புரவலர் கொடுத்த தானமும் அன்று. காலையில் கைவினை, மற்ற நேரத்தில் ஓவியமும் சிற்பமும் என்று வாழ்ந்த கலைஞர்கள் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து நிலத்தின் விலை ஏறிய பிறகு அந்த மணல்மேடு மதிப்பு வாய்ந்த சொத்தாகிவிட்டது. 2009இல் அங்கே மெட்ராஸ் இயக்கத்தின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பணிக்கர் 1977இல் மறைந்துவிட்டார்.

ஓவியர் கிராமத்தில் நாடகப் பயிற்சி

சபா நாடகத்தில் நிறைவு காணாத நாடகக்காரர்களுக்கும், வாங்க ஆளில்லாத ஓவியர்களுக்கும் பொதுவான ஓர் இடம் சிறுபத்திரிகைகள். கசடதபற போன்ற இதழ்களில் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களும், 'நடை' இதழில் ந. முத்துசாமியின் நாடகமும் வெளிவந்தன. தஞ்சை மாவட்டம் புஞ்சையில் பிறந்த முத்துசாமி, நண்பர்களுடன் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்தபின், தமிழ் நடிகரின் உடலுக்கான இலக்கணம் சபா மேடையில் இல்லை, கூத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தவர் அவர். ஞாநியின் பரீக்‌ஷா 1978இல் தொடங்கியது. மைக்குக்கு முன் நின்று பேசுவதை விட்டு, உடலால் நடிக்கும் நாடகம் வேண்டும் என்பதில் இவர்கள் ஒத்தார்கள். மற்றவற்றில் கடுமையாக வேறுபட்டார்கள்.

1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் தமிழ் நாடகக்காரர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். இடம், சோழமண்டலம். அரங்கு, திரை, ஒளி, மைக், நுழைவுச்சீட்டு எதுவும் இல்லாமல் நாடகம் நடத்தலாம் என்பது சர்க்காரின் 'மூன்றாம் அரங்கு'க் கொள்கை. சபாக்களின் நகரத்தில் அதைக் கற்பிக்கக் கிடைத்த இடம் ஓவியர்கள் தாங்களே பணம் சேர்த்து வாங்கிய மணல்வெளி என்பது கவனிக்கத்தக்கது. இதற்குப் பின்வந்த ஆண்டுகளில் வீதி நாடகம் தமிழகத்தில் வேகம் பிடித்தது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு அவ்வழியில் இன்றுவரை அறியப்படும் குழு.

கூத்துப்பட்டறைக்கு எண்பதுகளின் இறுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை கிடைத்தது. அலுவலகம் போகாமல் நாள்முழுதும் பயிற்சி செய்யும் முழுநேர நடிகர்கள் அதனால் சாத்தியமானார்கள். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் முதலியோர் அங்கே உருவானவர்கள். வெளிநாட்டுப் பணத்தில் தமிழ் நாடகமா என்ற கண்டனமும் அப்போதே எழுந்தது. சந்தா கட்டியவரின் ரசனைக்குக் கட்டுப்பட்ட நாடகத்தை மறுத்து வெளியே வந்தவர்கள், வேறொரு பணத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. முத்துசாமியின் மகன் மு. நடேஷ் ஓவியர், மேடை ஒளியமைப்பாளரும்கூட. ஓவியமும் நாடகமும் ஒரே ஆளிடம் தொழிலாக இணைந்ததற்குச் சென்னையில் அவர் நல்ல உதாரணம். முத்துசாமி 2018இல் மறைந்தார்.

தொலைக்காட்சிக்குப் பின்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. முதலில் அது சபா நாடகங்களுக்கு உதவியது. மேடையில் ஓடிய நாடகங்கள் படம்பிடிக்கப்பட்டு ஊர் முழுதும் தெரிந்தன. எண்பதுகளில் எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் ஆகியோரின் நகைச்சுவை நாடகங்கள் பெற்ற புகழில் தொலைக்காட்சிக்கும் ஒலிநாடாவுக்கும் பங்கு உண்டு. தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சிகளும் தினசரித் தொடர்களும் வந்தபின் கணக்கு தலைகீழானது. அதே கூடம், அதே சோபா, அதே தொலைபேசி வீட்டுக்கே வந்துவிட்டன. நடிகர்களும் தொடர்களுக்குப் போனார்கள். சபா உறுப்பினர்கள் மூப்படைந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. பல சபாக்கள் நாடகத்தைக் கைவிட்டு இசைவிழாவோடு நின்றன.

முழுதும் அழிந்துவிட்டது என்று சொல்வது தவறு. கிரேஸி மோகனின் 'சாக்லேட் கிருஷ்ணா' 2008இல் தொடங்கி நூற்றுக்கணக்கான காட்சிகள் கண்டது. அவர் 2019இல் மறைந்தபின்னும் அவருடைய நாடகங்களைக் குழு தொடர்ந்து மேடையேற்றுகிறது. ஒய்.ஜி. மகேந்திரன் தந்தையின் குழுவை நடத்திவருகிறார். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடையில் நடத்தும் நாடக விழா, புதிய நாடகங்களுக்கு ஒரு கெடுவை ஏற்படுத்திக் கொடுத்து, எழுத்தாளர்களை எழுதவைத்திருக்கிறது. சபா முறையின் நல்ல பக்கம் இந்த விழாவில் இன்னும் தெரிகிறது.

நுழைவுச்சீட்டை நம்பிய பெரிய முயற்சிகளும் உண்டு. மேஜிக் லேன்டர்ன் குழு 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் 'பொன்னியின் செல்வ'னை மேடையேற்றியது. நாவலைப் பல மணிநேர நாடகமாக இளங்கோ குமரவேல் சுருக்கியிருந்தார். அதே நாடகம் 2014இல் மியூசிக் அகாடமியில் மீண்டும் பெரிய அளவில் வந்தது. இது நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே அதே கதை மணிரத்னத்தின் திரைப்படமாயிற்று. திரைக்கதையில் குமரவேலும் பங்கேற்றார்.

கண்காட்சி நடைபெறும் விதம்

ஓவியக் கண்காட்சிக்குப் போகப் பலர் தயங்குவதற்குக் காரணம், அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாததே. பெரும்பாலான ஓவியக்கூடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்பதும் இல்லை. கிரீம்ஸ் சாலையின் லலித் கலா அகாதெமியில் ஓவியர்களும் குழுக்களும் வாடகைக்குக் கூடத்தை எடுத்துச் சில நாட்கள் காட்சிக்கு வைப்பார்கள். அங்கே அச்சு ஓவியம், சுடுமண், சிற்பம் ஆகியவற்றுக்கான பணிக்கூடங்களும் உள்ளன. வேலை நடக்கும் நேரத்தில் போனால் முடிந்த படைப்பை மட்டுமன்றி, அது உருவாவதையும் பார்க்கலாம். தனியார் கூடங்களில் ஓவியரைத் தேர்ந்தெடுப்பது கூடத்தின் உரிமையாளர். விற்ற ஓவியத்தின் அருகே சிறிய சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். விலையில் கணிசமான பங்கு, பல இடங்களில் மூன்றில் ஒன்று முதல் பாதிவரை, கூடத்துக்குப் போகும். நாடகத்தில் சபா முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுகிறது. ஓவியத்தில் சட்டகம், வண்ணம், துணி எல்லாச் செலவையும் ஓவியரே செய்துவிட்டுப் பொட்டு ஒட்டப்படும் நாளுக்குக் காத்திருக்கிறார்.

ஓவியக்கூடத்துக்குள் வராத பார்வையாளரைத் தேடிக் கலை வெளியே போவதும் நடக்கிறது. 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட பியென்னாலே பொது இடங்களிலும் பழைய கட்டடங்களிலும் ஒளிப்படங்களைக் காட்சிக்கு வைத்தது. 2019, 2021–22, 2024–25 ஆகிய ஆண்டுகளில் அதன் அடுத்த பதிப்புகள் நடந்தன. துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் 2020ஐ ஒட்டிப் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் பகுதி அது. அழகுபடுத்தியது எதையெல்லாம் மறைத்தது என்ற விவாதமும் ஓவியங்களோடு சேர்ந்தே வந்தது.

ஆண்டின் ஒழுங்கு

பார்க்க விரும்பும் மாணவருக்குச் சென்னையின் காலக்கணக்கு தெரிந்திருப்பது பயன்தரும். மார்கழியில் சபா மேடைகள் இசைக்கும் நடனத்துக்கும் போய்விடும். நாடகம் தேடுபவர்கள் அப்போது ஏமாறுவார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் அதிகம் என்பதால் ஓவியக்கூடங்கள் அக்காலத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் அரசு நடத்தும் சென்னை சங்கமத்தில் தெருக்கூத்து, பறையாட்டம், தோல்பாவை முதலியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2007இல் தொடங்கி இடையில் நின்று, 2023இல் மீண்டும் வந்த விழா அது. ஏப்ரல், மே மாதங்கள் சபா நாடகத்துக்கானவை. ஆகஸ்டு 22ஆம் நாளைச் சுற்றி வரும் மெட்ராஸ் தினத்தில் நகரத்தின் பழைய ஒளிப்படங்கள், வரைபடங்கள் பல இடங்களில் காட்சிக்கு வரும். கவின் கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்படும்போது தவறவிடக்கூடாது. விலைப்பட்டியலைப் பற்றி இன்னும் கவலைப்படாதவர்கள் வரைந்தவை அவை.

அரங்கின் அளவைப் பார்த்தும் நாடகத்தின் வகையை ஓரளவு ஊகிக்கலாம். நாரத கான சபா, வாணி மகால் போன்ற பெரிய அரங்குகளில் நகைச்சுவையும் குடும்ப நாடகமும் வரும். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், ஆழ்வார்பேட்டையின் மேடை போன்ற சிறிய இடங்களில் பரிசோதனை நாடகங்களும் ஆங்கில நாடகங்களும் அதிகம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. அரைவட்டமாகச் சரிந்திறங்கும் இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில், நடிகர் மைக் இல்லாமல் பேசுவதைக் கடைசி வரிசையிலிருந்தும் கேட்கமுடியும்.